உயிரோடு ஒரு படம்

1977 சித்திரையில், பி.ஏ. தேறிய கையோடு, ஊரிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் என்ற மிதப்பில் இதை எழுதுகிறவன் குமுளிக்கு மலையேறினான். கறுப்பு அங்கி போட்டு ஒரு படம் எடுத்து வரச் சொல்லி வீட்டில் அனுப்பியிருந்தார்கள். வாடகை அங்கி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஸ்டூடியோவில் கிடைக்கும் என்று கேள்வி. போனால் கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்து ஏலக்காய்க் கடைக்காரர் தலையை நீட்டி, "வருவாருங்க. ஆனா வந்தா ஒரு இடத்துல நிக்க மாட்டாரு. இப்பவே தலையச் சீவி வச்சுக்கிடுங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கம்பத்திலிருந்து ஏறி வந்த பஸ் நிற்பதற்குள் ஒல்லியான ஆள் ஒருவர் தோள்பையோடு குதித்தார். பூட்டைத் திறந்தார், விளக்கைப் போட்டார், அங்கியை உதறி மாட்டிவிட்டார். பட்டதாரி மார்பை நிமிர்த்தி விறைப்பாக நின்றான்.

"நடங்க தம்பி" என்றார் அவர்.

"எங்கே?"

"கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க. விறைச்சு நிக்கிறவங்கள நான் எடுத்தது போதும்."

"நாற்காலியில உக்காந்து எடுக்கலாமே?"

அந்த மனிதரின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "இந்தக் கடையில நாற்காலி கிடையாது" என்றார். உண்மையிலேயே கிடையாது. ஒரு ஸ்டூல், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான்.

நாற்காலி இல்லாத ஸ்டூடியோ எங்காவது உண்டா? அந்தக் கேள்வியோடு பட்டதாரி அப்புறம் பல தடவை குமுளிக்குப் போனான். பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும், படம் கழுவும் இருட்டறை வாசலில் நின்றும் கேட்டுச் சேர்த்த கதை இது.

அவர் பெயர் சுருளிவேல். சூரியநெல்லிக்காரர். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் லயத்தில் பிறந்தவர். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கிடக்கும் தொழிலாளர் வீடுகள். தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து, தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் மலையேறிய குடும்பம். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா மருந்தடித்தார். அண்ணன் சங்கையாவும் மருந்தடிப்புக்காரர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஆள். மேல் டிவிஷன் கால்பந்து அணிக்கு கோல்கீப்பர்.

மலையைச் சரித்துச் சமமாக்கிய மைதானம் அது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் ஓடைப் பள்ளம். வெறுங்காலோடு ஆடுவார்கள். பந்து தேயிலைக்குள் போய்விட்டால் அதைத் தேடப் போனவன் கால் நிறைய அட்டையோடு திரும்புவான். பனி இறங்கினால் கோல் கம்பமே தெரியாது. கோல்கீப்பர் கத்துகிற சத்தத்தை வைத்துத்தான் கோல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சுருளிவேலுக்கு ஆட வராது. உட்கார்ந்து பார்க்கவும் வராது. கோட்டுக்கு வெளியே பந்து போகிற பக்கமெல்லாம் ஓடிக்கொண்டே இருப்பார். "இவன் பேசாம உள்ள வந்து ஓடலாம்" என்று சங்கையா கிண்டலடிப்பார். எட்டாவது முடித்ததும் அப்பா தோட்டத்து மஸ்டரில், அதாவது ஆள் கணக்குப் பதிவில், பேர் கொடுக்கச் சொன்னார். சுருளிவேல் ஏலக்காய் லாரி ஒன்றில் தொற்றிக் குமுளிக்குப் போய், சுவக்கீன் என்பவருடைய ஸ்டூடியோவில் சேர்ந்துகொண்டார்.

அந்தக் காலத்தில் லயத்துக்குள் கேமரா வருவதென்றால் அது அநேகமாகச் சாவுக்குத்தான். கல்யாணப் படம் எடுக்கிற வசதி ஒன்றிரண்டு வீடுகளுக்கு உண்டு. மற்றவர்களுக்கு வாழ்நாளில் ஒரே படம். அதுவும் கண்மூடிய பிறகு. உடம்பைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, பின்னால் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டுவார்கள். தலை சாயாமல் இருக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார். அந்தப் படம் சுவரேறும். லயத்துச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது என்றால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம்.

1969 ஆடிக் காற்றில், மருந்தடித்துக்கொண்டிருந்த சங்கையாமேல் சவுக்கு மரம் சாய்ந்து விழுந்தது. தகவல் வந்தபோது சுவக்கீனே கேமராவைத் தூக்கிக்கொண்டு சுருளிவேலோடு புறப்பட்டார். அன்றைக்கு வேட்டித் திரைக்குப் பின்னால் நின்று அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டவர் சுருளிவேல்தான். வேறு யாருக்கும் எவ்வளவு நேரம் அசையாமல் பிடிக்க வேண்டும் என்று தெரியாது. அந்தப் படத்தில் சங்கையாவின் காதோரம் ஒரு விரல் நுனி தெரியும். அது சுருளிவேலின் விரல்.

பத்து வருடம் பந்துக்குப் பாய்ந்த மனிதனுக்கு, பாய்கிற படம் ஒன்று இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த படம்தான் மிச்சம்.

அதன்பிறகு சுருளிவேலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் நிற்காது. மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குப் பகுதிநேரப் படக்காரராகச் சேர்ந்தார். மலைச்சாலையில் உருண்ட லாரி, ஏலக்காய் ஏலம், ரோட்டை மறித்த யானை என்று எடுத்து, சுருளைக் கவரில் போட்டு மதுரை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். அவை பேப்பரில் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கவரிலும் தோட்டத்துக் கால்பந்துப் படம் ஒன்றைச் சேர்த்து அனுப்புவார். அது மட்டும் வராது.

தபாலாபீசில் டிரங்க் கால் போட்டுக் கேட்டால் விளையாட்டுப் பக்கத்து உதவி ஆசிரியர் சொல்வார்: "ஏம்ப்பா, சூரியநெல்லி கேரளாவுல இருக்கு. அவங்க பேப்பர்ல கேளு."

குமுளியிலேயே இருந்த மலையாளப் பத்திரிகை நிருபரிடம் கேட்டால் அவர் தோளில் தட்டுவார்: "அது தமிழம்மாரோட ஆட்டமல்லே சுருளி? நிங்களோட பேப்பர்ல கொடு."

சுவக்கீனுக்குச் சிரிப்புத் தாங்காது. "ஏலே, கெழவி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடுத மாதிரி அலையுதியே. ஒன் பந்துக்காரங்கள ரெண்டு பேப்பரும் வேண்டாங்கான். பாஸ்போர்ட் படம் எடுக்க ஆளு நிக்குது, உள்ள வா."

"வாறேன், இந்தா வந்துட்டேன்" என்பார் சுருளிவேல். சொல்லும்போதே ஒரு கால் வாசலில் இருக்கும்.

1974 தை மாதத்தில் அந்த உதவி ஆசிரியர் தொல்லை தாங்காமல் ஒரு வார்த்தை விட்டார். "ஆளும் பந்தும் அந்தரத்துல இருக்கணும். பார்த்தா மேட்ச்னு தெரியணும். அப்படி ஒண்ணே ஒண்ணு கொண்டு வா. மூணு பத்தி அகலத்துக்குப் போடறேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்காத."

மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் இறுதி ஆட்டம் அடுத்த ஞாயிறு. சங்கையா நின்ற கோலில் இப்போது பெரியமுத்து நின்றான். இருபத்திரண்டு வயது, கை இரண்டும் உலக்கை மாதிரி. அவனை அந்தரத்தில் பிடித்துவிட்டால் போதும். சுருளிவேல் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

அது மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டைக் கண் கேமரா. அதன் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். வலப்பக்கம் பாய்கிறவன் கண்ணாடியில் இடப்பக்கம் பாய்வான். அவனைத் துரத்தினால் ஆள் ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம் போய்விடும். அவருடைய பழைய படங்கள் பாதியில் பந்து இருக்கும், ஆள் இருக்கமாட்டான். கடைசியில் கேமராவின் மூடியை உள்ளே தள்ளினால் கிடைக்கிற சதுர ஓட்டை வழியாக நேராகப் பார்க்கப் பழகிக்கொண்டார். அதற்கு ஆள் கிட்டே இருக்க வேண்டும். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் கதை நடக்கும். பிலிம் தட்டுப்பாடான நேரம் அது. சுவக்கீன் முனகிக்கொண்டே ஒரு சுருள்தான் கொடுத்தார்.

ஞாயிறு காலையில் போடிமெட்டு வழியாகப் பூப்பாறை வந்து, ஜீப் பிடித்து லயத்து வாசலில் இறங்கினார். குழாயடியில் நின்ற பெரியமுத்துவின் அம்மா வேலுத்தாய் அவர் தோளில் கேமராப் பையைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏய்யா சுருளி, யாருக்குய்யா? யாரு போயிட்டா?"

"யாரும் போகலக்கா. மேட்ச் எடுக்க வந்தேன்."

"மேட்ச்சயா? அதுக்கெதுக்குய்யா பொட்டி? வெளையாடுறவன் உசுரோடதான இருக்கான்!"

"அதுக்குத்தான்க்கா வந்திருக்கேன்."

வேலுத்தாய்க்கு அது பிடிபடவில்லை. நெஞ்சில் கைவைத்து, "ஈரக்கொலையே நடுங்கிருச்சு. இனிமே வந்தா மொதல்ல சிரிச்சுக்கிட்டே வா. அப்பத்தான் எங்களுக்குத் தெரியும்" என்று திட்டினாள். அவள் கொடுத்த டீயைச் சுருளிவேல் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தபோது லயத்தின் கடைசி வீட்டிலிருந்து ஓலம் கேட்டது. பல மாதமாகப் படுக்கையில் கிடந்த சாந்தம்மாள் கிழவி அடங்கிவிட்டாள்.

குழாயடியில் இருந்த அத்தனை பேரும் சுருளிவேலைத் திரும்பிப் பார்த்தார்கள். கையில் டீ கிளாஸோடு அவர் என்ன செய்வார்?

சாந்தம்மாளின் மகள் அழகுத்தாய் தலைவிரிகோலமாக வந்து அவர் கையைப் பிடித்தாள். "தம்பி, ஆத்தாவுக்கு ஒரு படங்கூட இல்லய்யா. குமுளிக்கு ஆள் விட்டாலும் நீதான வரணும். நீயே வந்து நிக்குற. அவதான் ஒன்னக் கூப்புட்டிருக்கா."

பையில் ஒரே சுருள். அதில் ஒவ்வொரு படத்தையும் எந்த நேரத்தில் எடுப்பது என்று வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தார். ஆனாலும் லயத்தில் இழவுப் படத்துக்கு மாட்டேன் என்று சொன்னவன் கிடையாது. நாற்காலி வந்தது, வேட்டி வந்தது. திரைக்குப் பின்னால் அழகுத்தாயே நின்று தாயின் தலையைப் பிடித்துக்கொண்டாள். சுருளிவேல் இரண்டு படம் எடுத்தார். விரல் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

இழவு வீட்டிலிருந்து வந்தால் குளிக்க வேண்டும். ஓடையில் முங்கி எழுந்து, ஈரச்சட்டையைப் பிழிந்து மறுபடியும் போட்டுக்கொண்டு, பல் கிடுகிடுக்க மைதானத்துக்கு ஓடினார். இரண்டு அணியும் இறங்கிவிட்டன. தோட்டத்துத் துரை குடைக்குக் கீழே நாற்காலியில் இருந்தார், பக்கத்து மேசையில் கோப்பை. சுருளிவேல் நேராகப் பெரியமுத்துவின் கோலுக்குப் பின்னால் போனார்.

"மாமா, அங்கனயே நில்லு" என்றான் பெரியமுத்து. "பொட்டியோட இங்கிட்டு வராத."

"ஏன் மாப்ள?"

"சாந்தம்மா பாட்டிய எடுத்த பொட்டிதான அது?"

"நான் குளிச்சுட்டேன்டா. சட்டையப் பாரு, சொட்டுது."

"நீ குளிச்ச. பொட்டி குளிச்சுச்சா?"

மைதானமே சிரித்தது. சுருளிவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. "தண்ணி பட்டா இது செத்துப்போகும்டா" என்றார்.

"அப்ப அதையும் நாற்காலில வச்சு ஒரு படம் எடுத்துரு" என்றது ஒரு குரல்.

"மாப்ள, வெளையாடாத. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான். பேப்பர்காரரு ஒரே ஒரு வாட்டிதான் சொல்லியிருக்காரு. உன்னைத்தான்டா போடப் போறாங்க."

பெரியமுத்துவின் கண்ணில் ஆசை மின்னியதைச் சுருளிவேல் பார்த்தார். ஆனால் கோல்கீப்பருக்குப் பயம் அதைவிடப் பெரிது. "எழவு எடுத்த பொட்டி என் முதுகுக்குப் பின்னால இருந்தா பந்து உள்ளதான் மாமா வரும். ஒண்ணு செய்யி. அங்கிட்டுப் போயி அவங்க கோலுக்குப் பின்னால உக்காரு. அவங்களுக்கு விழட்டும்."

சுருளிவேல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார். கீழ் டிவிஷன்காரர்கள் மட்டும் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள்? அவர்களுடைய கோல்கீப்பர் தூரத்திலேயே மண்கட்டியைக் கையில் எடுத்துவிட்டான். "அண்ணே, மரியாதையா அங்கயே நில்லுங்க. ஒரு அடி வச்சீங்க, பொட்டியும் இருக்காது, நீங்களும் இருக்கமாட்டீங்க!"

நடுவர் மலையாளி, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். "எந்தா ப்ரஷ்னம்?" என்று ஓடி வந்தார். கேமரா குளிக்கவில்லை என்று ஆளாளுக்கு விளக்கியதும் அவருக்குத் தலை சுற்றியது. கடைசியில் சுருளிவேலை நடுக்கோட்டுக்கு நேரே, தேயிலைச் சரிவில் போய் நிற்கச் சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

அங்கிருந்து பார்த்தால் இரண்டு கோல்கீப்பர்களும் எறும்பு மாதிரி இருந்தார்கள். சுருளிவேல் சதுர ஓட்டையில் கண்ணை வைப்பார், எடுப்பார். பந்து இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் நாலு எட்டு. இருப்புக்கொள்ளாமல் எடுத்த படங்கள் எல்லாம் வீண் என்று அழுத்தும்போதே தெரிந்தது. பெரியமுத்து இரண்டு தடவை பாய்ந்து பிடித்தான். கூட்டம் ஊவென்று கத்தியது. சுருளிவேல் தன் தொடையில் தானே குத்திக்கொண்டார். இடைவேளை வரைக்கும் யாருக்கும் கோல் விழவில்லை. மேலே மலை உச்சியில் பனி கட்டிக்கொண்டிருந்தது.

இடைவேளை முடிந்து ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது.

சாந்தம்மாளைத் தூக்கி வந்தார்கள். தோட்டத்துச் சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். மைதானத்தின் மூலையைக் கடக்காமல் அங்கே போக வழி இல்லை. நடுவர் விசில் ஊதினார். பந்து நடு மைதானத்தில் அப்படியே நின்றது. துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

பாடை கடந்து போகும்போது லயத்து இளவட்டங்கள் ஆளுக்கு நாலு எட்டாவது தோள் கொடுக்க வேண்டும். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியமுத்துதான் முதலில் ஓடினான். பின்னாலேயே மேல் டிவிஷன் முழுக்கப் போனது. அந்தப் பக்கம் மண்கட்டி எடுத்த கோல்கீப்பரும் வந்தான். சாந்தம்மாள் அவனுக்குத் தாய்வழியில் பாட்டி முறை. கலர் கலரான பனியன்கள் மாறி மாறிப் பாடைக்குக் கீழே நுழைந்து வெளியே வந்தன. சுருளிவேலின் விரல் அவரைக் கேட்காமலே அழுத்திவிட்டது. சுருளில் இனி ஒன்றே மிச்சம்.

ஓடைப் பள்ளத்து விளிம்பு வரைக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பள்ளத்துக்குள் இறங்கிக் குளித்துவிட்டு ஏறி வர நேரமில்லை. பனி பாதி மலைக்கு வந்துவிட்டது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்து, "தொடங்ஙாம்?" என்றார். ஆட்டக்காரர்கள் அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

சுருளிவேல் தேயிலைச் சரிவிலிருந்து மெல்ல இறங்கினார். மேல் டிவிஷன் கோலுக்குப் பின்னால் போய் நின்றார்.

"மாப்ள."

பெரியமுத்து திரும்பினான். அவன் தோளில் கேந்திப்பூ இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

"குளிச்சியா?"

அவன் தன் தோளைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான். உதடு கோணியது. "இல்ல மாமா."

"பொட்டியும் குளிக்கல."

"சரி, உக்காரு. மூச்சுக் காட்டாத."

சுருளிவேல் ஈரப் புல்லில் மண்டியிட்டார். பந்து வரும், போகும், வரும், போகும். இதோ இதோ என்று விரல் துடிக்கும். அழுத்தினால் தீர்ந்துவிடும், அழுத்தாவிட்டால் போய்விடும். பெரியமுத்து எந்தப் பக்கம் பாய்வான் என்று அவனுடைய பின்னங்காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கையா பாய்வதற்கு முன்னால் இடது குதிகாலை ஒரு தடவை மண்ணில் அழுத்துவார். இவனும் அதைத்தான் செய்தான்.

குதிகால் அழுந்தியது. கீழ் டிவிஷன்காரன் ஒருவன் அடித்த பந்து மூலைக்குச் சீறியது. பெரியமுத்து பக்கவாட்டில் எழுந்தான். முழு உடம்பும் தரையை விட்டுவிட்டது. முகம் கேமராப் பக்கம் திரும்பி, வாய் திறந்து, விரல்நுனியில் பந்து. சுருளிவேல் அழுத்தினார். குமிழைத் திருகினார். அது நிற்காமல் சுற்றியது. சுருள் தீர்ந்துவிட்டது.

விரலில் பட்ட பந்து கோட்டுக்கு வெளியே போனது. அடுத்து மூலையிலிருந்து உதைத்த பந்து, பனிக்குள்ளிருந்து யார் தலையிலோ பட்டு உள்ளே விழுந்தது. அந்த ஒரு கோலில் மேல் டிவிஷன் தோற்றது.

பெரியமுத்து கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். சுருளிவேல் பக்கத்தில் போய், "பொட்டியச் சொல்லாத மாப்ள. அந்தப் பந்து வரும்போது சுருள் தீர்ந்துபோச்சு" என்றார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அதாம் மாமா கோல் விழுந்துச்சு! இனிமே நெறையச் சுருள் கொண்டாந்து தொலை."

துரை கோப்பை கொடுக்கிற படத்துக்கு ஹெட் கிளார்க் அவரை இழுத்துக்கொண்டு போனார். தீர்ந்துபோன கேமராவை வைத்துச் சுருளிவேல் நன்றாகக் குனிந்து, இரண்டு தடவை அழுத்தினார். ஹெட் கிளார்க் அந்தப் படத்தை வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வழக்கம்போலச் சுருளை டிரைவரிடம் கொடுத்தனுப்ப அன்றைக்கு மனம் வரவில்லை. ஜீப்பில் தொங்கிப் பூப்பாறைக்கு வந்து, தானே போடி பஸ் ஏறிவிட்டார். திங்கள் காலை மதுரைப் பத்திரிகை அலுவலகத்தில், கழுவிய சுருளை உதவி ஆசிரியர் டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். சுருளிவேல் அவர் முதுகுக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார்.

"யோவ்! பிரமாதம்யா!" என்றார் அவர்.

"பெரியமுத்து சார். பேரு போட்டுருங்க. மேல் டிவிஷன் கோல்கீப்பர்."

"எவன் அவன்? நான் இதைச் சொல்றேன்." அவர் விரல் வைத்த இடத்தில் பனியன் போட்ட ஆட்டக்காரர்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் நடு மைதானத்தில் பந்து மட்டும் தனியாக நின்றது. "ஆட்டத்தை நிறுத்திப் பொணம் தூக்கறாங்க. இது ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்கே வேண்டாம், முதல் பக்கத்துல போடலாம்."

"சார், நீங்க கேட்டது அடுத்த படம். ஆளும் பந்தும் அந்தரத்துல. பாருங்க, அப்படியே இருக்கு."

அவர் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பாயறவன் கல்கத்தாவுலயும் பாயறான், கோவாவுலயும் பாயறான். சூரியநெல்லியில பாயறவனை யாருக்குய்யா தெரியும்? பாடைதான் செய்தி."

"அதுல ஒருத்தன் முகமும் தெரியலயே சார். பாடை மறைக்குது."

"முகம் எதுக்கு?"

சுருளிவேல் நடப்பதை நிறுத்தினார். மேல் டிவிஷன் ஆட்டக்காரர்கள் முதல் தடவையாகப் பேப்பரில் வரப்போகிறார்கள். அதுவும் முதல் பக்கத்தில். அவர் கேட்டதைவிடப் பெரிய இடம். ஆனால் அதுவும் இழவுப் படம். அங்கேயும் நாற்காலிதான், பின்னால் வேட்டி கட்டவில்லை, அவ்வளவுதான். அவர் கையை நீட்டி, ஈரம் காயாத சுருளை உதவி ஆசிரியர் விரலிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பாயற படம்னா போடுங்க சார். இது வேண்டாம்."

"என்னய்யா, எனக்கே நிபந்தனையா? இதைக் குடுக்கலேன்னா அதுவும் இல்ல. இனிமே கவரும் வேண்டாம், நீயும் வேண்டாம்."

"சரி சார்."

வெளியே வந்து பஸ் நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் சுருளைக் காற்றில் பிடித்து உலர்த்திக்கொண்டே நடந்ததாகச் சொல்வார். பகுதிநேர வேலை போயிற்று. விஷயம் கேட்ட சுவக்கீன், "மொதப் பக்கத்தையா வேண்டாம்னுட்டு வந்த? ஒன்னப் பெத்த வயித்துல..." என்று ஆரம்பித்தவர், இருட்டறையில் கழுவி எடுத்த பெரியமுத்துவின் படத்தைப் பார்த்ததும் அதை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்தார். "பெருசாப் போடுலே. நல்ல தாள் அந்த அலமாரில இருக்கு" என்றார்.

பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து, அடுத்த ஞாயிறு லயத்துக்கு எடுத்துப் போனார். வேலுத்தாய் சொன்னபடி தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டே போனார். ஆணியும் சுத்தியலும் கையில். படத்தைப் பார்த்த வேலுத்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாத்தே, எம்புள்ள பறக்குறான்!"

சுருளிவேல் சுவரில் ஆணியை வைத்தார்.

"என்னய்யா செய்யுத?"

"மாட்டுறேன்க்கா."

பாய்ந்து வந்து சுத்தியலைப் பிடுங்கினாள். "உசுரோட இருக்கவன் படத்தச் சுவத்துலயா மாட்டுவ? நீ இந்த லயத்துல பொறந்தவன்தானா? இவங்கப்பா பக்கத்துல கொண்டு வைக்கப் பாக்குறியே!" சுவரில் அவள் புருஷனின் இழவுப் படம் காய்ந்த மாலையோடு தொங்கியது.

சுருளிவேல் ஆணியைச் சுவரிலிருந்து எடுத்தார். எத்தனை வருடமாக இந்தப் படத்துக்காக அலைந்தார்! கிடைத்தால் எங்கே வைப்பது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. "அப்ப எங்கதான்க்கா வைக்க?"

"பொட்டிக்குள்ள வைக்கேன். அவனுக்குக் கல்யாணமானா பொண்டாட்டி பாக்கட்டும்."

"பொட்டிக்குள்ளயா? இதுக்கு நான் படமே எடுத்திருக்க வேண்டாமே!"

சண்டை சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது. பெரியமுத்துவும் வந்து வாசலில் நின்றான். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வேலுத்தாய் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நாலு பக்கமும் சுவர்தானே. கடைசியில் அவள் கண் கதவில் நின்றது.

"கதவு சுவரு இல்லல்ல?" என்று தனக்குள் கேட்பதுபோல் கேட்டாள்.

"இல்ல ஆத்தா. கதவு அசையும்ல" என்றான் பெரியமுத்து.

கண்ணாடிச் சட்டத்தைப் பிரித்துவிட்டு, படத்தை மட்டும் கதவின் உள்பக்கம் நாலு ஆணி அடித்து நிறுத்தினார்கள். பெரியமுத்து கதவைத் திறந்தான். படத்துப் பெரியமுத்து பந்தோடு வெளியே பாய்ந்தான். மூடினான், உள்ளே பாய்ந்தான். லயத்துப் பிள்ளைகள் அன்று பொழுது சாயும்வரை அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்கள். வேலுத்தாய் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனாள்.

பாடைப் படத்தைச் சுருளிவேல் அழகுத்தாய்க்குக் கொடுத்தார். அவள் அதைத் தாயின் நாற்காலிப் படத்துக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டினாள்.

பிறகு கீழ் டிவிஷன் கோல்கீப்பர் ஆள் அனுப்பினான், தன்னையும் அந்தரத்தில் எடுக்க வேண்டும் என்று. அடுத்து பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்டார்கள். சுவக்கீன் கடையைச் சுருளிவேல் கையில் விட்டுவிட்டு நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போனார். அவர் போன மறுநாள் சுருளிவேல் ஸ்டூடியோ நாற்காலியை டீக்கடைக்குக் கொடுத்துவிட்டார்.

இது 1979 கார்த்திகை. சுருளிவேல் குமுளியில் அதே ஸ்டூடியோவை நடத்துகிறார். எந்தப் பத்திரிகைக்கும் படம் அனுப்புவதில்லை. இழவுக்குக் கூப்பிட்டால் போகிறார். அதற்கென்று சுவக்கீனின் பழைய கேமராவைத் தனியாக வைத்திருக்கிறார். சூரியநெல்லி மேல் டிவிஷனில் பெரியமுத்து இன்னும் கோல் காக்கிறான். கல்யாணமாகி, அதே லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். அந்த லயத்தில் பல வீட்டுக் கதவுகளின் உள்பக்கம் ஆட்டக்காரர்களின் படங்கள் இருக்கின்றன. சங்கையாவின் வீட்டில் மட்டும் கதவில் படம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குமுளி ஸ்டூடியோ பூட்டியிருக்கும்.